வெயில் இருந்தது, கரண்ட் இல்லை

இவர் என்று நான் எழுதுவது என் கணவரை. கல்யாணம் முடித்த நாள் முதல் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழுத உட்கார்ந்தாலும் அது வரவில்லை. இவர் கொழும்பில் நெடுங்காலம் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்தவர். றேடியோ, ஃபான், கிறைண்டர், இஸ்திரிப்பெட்டி. சண்டை ஓய்ந்து சில வருஷங்களின் பின் கடையைத் தம்பியாரிடம் விட்டுவிட்டு ஊரோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துப் புங்குடுதீவில், இறுப்பிட்டியில், எனக்குச் சீதனமாக வந்த வீட்டில் இருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எங்களுக்கு ஒரே மகள், கனடாவில்.

சாமான் விற்றுச் சீவித்த மனுஷனுக்குப் புதுச் சாமான் என்றாலே பிடிக்காது. மகள் ஒருமுறை ஊருக்கு வந்தபோது, கிணற்றடியில் நான் குனிந்து தோய்ப்பதைப் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் ஒரு வோஷிங் மெஷின் எடுத்துத் தந்தாள். முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்தது. தண்ணீரைச் சேமிக்க வேண்டும் என்று எங்கோ ஒரு நாட்டில் போட்ட சட்டத்துக்கு அமையச் செய்த மெஷினாம். உடுப்பு முழுக்க நனைய முதலே போதும் என்று தண்ணீரை நிறுத்திவிடும். எங்கள் ஊர்த் தண்ணீர் உவர். நன்றாக அலசாவிட்டால் காய்ந்த சட்டையில் உப்பு வெள்ளையாகப் படிந்து நிற்கும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடு என்று சொல்ல அதில் ஒரு பொத்தானும் இல்லை. இடையில் கதவைத் திறக்கவும் விடாது. மகள் விமானம் ஏறிய கிழமையே இவர் அதை வேலணையில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு தொட்டி வைத்த பழைய மெஷின் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். அதில் திருகு மட்டும்தான். திருகினால் ஓடும், விட்டால் நிற்கும்.

ஒரு ஜப்பான் காரும் கொஞ்சக் காலம் வைத்திருந்தோம். சந்தியில் நிறுத்தினால் எஞ்சின் தானாக நின்றுவிடும். புகையைக் குறைக்க அப்படிச் செய்திருக்கிறார்களாம். பொத்தானை அழுத்தி அதை நிறுத்தலாம், ஆனால் அடுத்த முறை எடுக்கும்போது திரும்பவும் பழைய குணம் வந்துவிடும். "நான் காசு குடுத்து வாங்கின சாமான் ஆரோ ஒருத்தன்ரை சொல்லைக் கேக்குது" என்பார். அதையும் விற்றார். வீட்டில் மிஞ்சியதெல்லாம் ஒரு சுவிட்சை மட்டும் கேட்டு நடக்கிற சாமான்கள். இவருடைய இந்தக் குணத்தைப் பற்றி நான் மகளோடு போனில் சிரித்துக் கதைத்ததுண்டு.

பிறகு கரண்ட் பில் தாங்க முடியாமல் ஏறியது. மகள் விடாப்பிடியாக நின்று கூரையில் சோலர் பூட்ட ஏற்பாடு செய்தாள். பூட்ட வந்த பெடியன்கள் தகடுகளை ஏற்றிக்கொண்டிருக்க, இவர் சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தகட்டிலிருந்து வருவதை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வேர்ட்டர் அது. லைன் கரண்ட் நின்றால் இது ஓடுமா என்று கேட்டார். ஓடாது ஐயா, லைனில் கரண்ட் இருந்தால்தான் இதுவும் வேலை செய்யும் என்றான் ஒருவன். வெயில் எறித்தாலுமா? எறித்தாலும்தான். அது சட்டம், பெட்டிக்குள்ளேயே அப்படி எழுதியிருக்கு, நாங்கள் ஒன்றும் செய்ய ஏலாது என்றான். பற்றறியோடு சேர்ந்த இன்னொரு வகை உண்டு, அது விலையும் கூட, அனுமதி எடுப்பதும் கஷ்டம் என்றும் சொன்னான்.

இவர் அன்று முழுக்க முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பூட்ட வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தார். மகளின் மனம் நோகும் என்று நான்தான் சமாளித்தேன். கரண்ட் நின்றால் ஒரு விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு இருக்கலாம்தானே என்றேன். அப்போது எங்களுக்கு அவ்வளவுதான் தேவையாக இருந்தது.

அதற்கு அடுத்த வருஷம் இவருக்கு இருமல் தொடங்கியது. மாறாத வறட்டு இருமல். கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு வாங்கியது. யாழ்ப்பாணத்தில் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், சுவாசப்பை கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு போகிறது, திருப்ப முடியாது, மெதுவாக்கலாம் என்றார். வீட்டில் ஒட்சிசன் மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார். முதலில் இரவில் மட்டும், பிறகு நாளின் பெரும்பகுதி. அறையின் மூலையில் ஒரு சின்ன அலுமாரி அளவுக்கு அது நின்றது. மூக்கில் குழாயைக் கொளுவிக்கொண்டு இவர் விறாந்தைக் கதிரைவரை வருவார். குழாயின் நீளம் அவ்வளவு. சுவிட்சைப் போட்டால் ஓடுகிறது, நல்ல சாமான் என்று அதை மட்டும் புகழ்ந்தார்.

கரண்ட் அவ்வப்போது நிற்கும்தான். தொலைக்காட்சிக்கும் விளக்குக்கும் என்று ஒரு பற்றறிப் பெட்டி வைத்திருந்தோம். அது சில மணி நேரம் மெஷினை இழுக்கும். அதற்குள் கரண்ட் வந்துவிடும். அப்படியே பழகிவிட்டோம்.

அந்தக் கார்த்திகை மாதத்துப் புயலில் அது வரவில்லை.

மழை விட்டு மறுநாள் காலை எழுந்து பார்த்தபோது வீட்டுக்கு முன்னால் போகிற ஒழுங்கை முழுக்கப் பூவரசங் கொப்பும் பனையோலையும். கரண்ட் கம்பி வேலிக்கு மேலால் தொங்கியது. பற்றறிப் பெட்டி விடிய முதலே கூவி ஓய்ந்துவிட்டது. ஊர் ஆசுப்பத்திரியில் கொடுக்க ஒரு சிலிண்டர்தான் இருந்தது, அதிலும் பாதி. அதைத் தந்த தாதி, பாத்துப் பாவியுங்கோ அக்கா, இதுக்குப் பிறகு எங்களிட்டையும் இல்லை என்றாள். அம்புலன்சுக்குப் போன் அடித்தோம். வேலணைக்குப் போகிற பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடுகிறது, வத்தினால்தான் வரலாம் என்றார்கள். கோயிலில் ஒரு ஜெனரேற்றர் இருந்தது. ஊற்ற எண்ணெய் இல்லை. கரண்ட் இல்லாமல் பெற்றோல் செட்டும் பூட்டிக் கிடந்தது.

அன்று காலை எறித்த வெயிலை என்னால் மறக்க முடியாது. மழை கழுவிய வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லை. கூரைத் தகடுகள் தண்ணீர் வடிந்து பளபளத்தன. கீழே இவர் கதிரையில் முன்பக்கம் சரிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சாக எடுத்துக்கொண்டிருந்தார். சிலிண்டரை நான் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தேன். சுவரில் அந்த வெள்ளைப் பெட்டி சிவப்பு விளக்கோடு சும்மா இருந்தது.

மண்டைதீவில் வயரிங் வேலை செய்கிற தம்பி ஒருவரை எங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வயர் இழுத்தவர் அவர்தான். போனில் விஷயத்தைச் சொன்னதும் வாறன் அக்கா என்றார். பாலத்தில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்குள்ளால் நடந்து வந்திருக்கிறார். பின் சீற்றில் ஒரு பற்றறியும், தன்னுடைய சின்ன இன்வேர்ட்டர் ஒன்றும் கட்டியிருந்தார். முதல் வேலையாக அதில் ஒட்சிசன் மெஷினைக் கொளுவினார். மெஷின் உயிர் பெற்று இரைந்தது. நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

ஆனால் அந்தப் பற்றறி பழசு, கனநேரம் இழுக்காது என்று அவரே சொன்னார். கூரையில் இருப்பதை நேரே பற்றறியில் கொடுக்க ஏலாதோ என்று கேட்டேன். அது பெரிய வோல்ற்றேஜ் அக்கா, பற்றறி வெடிச்சுப்போம் என்றார். பிறகு வெள்ளைப் பெட்டிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். ஒரு வழி இருக்கலாம் என்றார். பெட்டி லைனில் கரண்ட் இருக்கிறதா என்றுதானே பார்க்கிறது? தன்னுடைய சின்ன இன்வேர்ட்டரின் கரண்டை அதுக்குக் காட்டினால், லைன் வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு தகட்டைத் திறந்துவிடும். அதற்கு முதல் வீட்டு மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் கரண்ட் வெளியே கம்பிக்குப் போய்விடும் என்றார். நானே போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். சரியாக இறங்கியிருக்கிறதா என்று அவரும் வந்து பார்த்தார்.

வயரை மாற்றிக் கொடுத்ததும் பெட்டியின் சின்னத் திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. ஓர் எண் குறைந்துகொண்டே வந்தது. அது முடிந்தால் பிடிக்கும் என்றார் தம்பி. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். பச்சை விளக்கு எரிந்தது. நான் இவரைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அது திரும்பவும் டக்கென்றது. சிவப்பு.

மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கியது. மறுபடி பச்சை, மறுபடி சிவப்பு. எத்தனை முறை என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் பச்சை எரியும்போது இவர் தலையை நிமிர்த்துவார், சிவப்பு வந்ததும் குனிவார்.

சின்ன இன்வேர்ட்டரின் கரண்ட் லைன் கரண்ட் போலச் சீராக இல்லை, சட்டப்படி இருக்க வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் வெளியே நிற்கிறது, அதனால்தான் உதறுகிறது என்றார் தம்பி. அந்த அளவைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் பிடிக்குமாம். அதற்குப் பெட்டிக்குள்ளேயே இடமும் உண்டாம், ஆனால் பாஸ்வேர்ட் கேட்கும். முன்பு எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான், வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும் என்று அதைப் போட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை. இடையில் எப்போதோ இன்ரநெற்றால் பெட்டிக்குப் புதுப் புரோகிராம் வந்து பழைய பாஸ்வேர்ட்டை அழித்துவிட்டிருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை. எங்களிடமும் யாரும் கேட்கவில்லை.

பூட்டிய கொம்பனிக்கு அடித்தோம். சிக்னல் வந்து வந்து அறுந்தது. மதிலோரம் நான் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க, தம்பி பேசினார். மறுபக்கத்தில் கதைத்தவர் மரியாதையான மனுஷன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஐயாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டு தரம் கேட்டார். தனக்குத் தெரிந்தால் இந்த நிமிஷமே தந்துவிடுவேன் என்றார். இப்போதெல்லாம் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு நாளும் வேறு வேறு பாஸ்வேர்ட், அதைக் கொழும்பில் எடுக்க வேண்டும், அதற்கு மின்சார சபையின், அதாவது கரண்ட் கந்தோரின், சம்மதம் வேண்டும். கேட்டுவிட்டு எடுக்கிறேன் என்று வைத்தார். சொன்னபடி திரும்ப எடுத்தார். கந்தோரில் ஆட்கள் எல்லாரும் புயல் வேலைக்குப் போய்விட்டார்கள், போன் தூக்க ஆளில்லை, என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ அம்மா என்று என்னிடம் சொன்னார். கோபப்பட எனக்கு ஒரு ஆளாவது கிடைத்திருக்கலாம். அவரும் கிடைக்கவில்லை.

உள்ளே வந்தபோது தம்பி பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே காவலுக்கு வைத்திருக்கிற ஒன்றைச் சுற்றிப் போகலாம், தான் செய்ததில்லை, மற்றவர்கள் செய்து கண்டிருக்கிறேன் என்றார். செய்யுங்கோ என்றேன். யோசிக்கவே இல்லை.

அப்போதுதான் ஒழுங்கையில் லொறி ஒன்று வந்து நின்ற சத்தம் கேட்டது. கரண்ட் கந்தோரின் ஆட்கள். உயரமான லொறி என்றபடியால் பாலத்துத் தண்ணீரைத் தாண்டி வந்திருக்கிறார்கள். நான் வாசல் படலைக்கு ஓடினேன். அதற்குள் ஒருவர் எங்கள் வீட்டு வாசல் கரண்ட் போஸ்ற்றில் பாதி ஏறிவிட்டார். நடுத்தர வயது, கறுத்த மெலிந்த ஆள். கரண்ட் இண்டைக்கு வருமோ தம்பி என்று கீழே நின்று கேட்டேன். இண்டைக்கு வாய்ப்பில்லை அக்கா, அங்கால கன போஸ்ற் விழுந்து கிடக்கு என்றார். சொல்லிக்கொண்டே எங்கள் கூரையைப் பார்த்தார். பிறகு திறந்திருந்த கதவுக்குள்ளால் கழற்றிய பெட்டியையும் அதன் முன் நின்ற தம்பியையும் பார்த்தார். மேலே ஏறவில்லை. இறங்கி வந்தார்.

உள்ளே கூட்டிக்கொண்டு போய் இவரைக் காட்டினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மெயின் சுவிட்சை நிப்பாட்டிப்போட்டம் தம்பி. என்ரை கையாலை நானே நிப்பாட்டினனான்," என்றேன்.

"நீங்கள் நிப்பாட்டியிருப்பியள் அக்கா. அதிலை எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கம்பியிலை கை வைக்கப் போற எனக்கு அது எப்பிடித் தெரியும்? ஒவ்வொரு வீடா வந்து பாத்துப்போட்டு ஏற ஏலாது. இப்ப பாத்தாலும், நான் மேலை நிக்கேக்கை ஆராவது சுவிட்சைத் தட்டிவிட்டால் எனக்குத் தெரியாது."

தன்னோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். நிறுத்திவிட்ட கம்பி என்று நம்பித் தொட்டவராம். எங்கோ ஒரு வீட்டில் ஜெனரேற்றரைக் கொளுவியிருக்கிறார்கள், சுவிட்சை இறக்க மறந்துவிட்டார்கள். அவர்களும் கெட்ட மனுஷர் இல்லை அக்கா, வீட்டில் ஏதோ விசேஷமாம் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. வயரிங் தம்பி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

அந்த மனுஷன் சொன்னது சரி. இவருக்கு மூச்சு வேண்டும் என்பதும் சரி. இரண்டுக்கும் நடுவில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒட்சிசன் மெஷின் பற்றறி இறங்குகிறது என்று விட்டு விட்டுக் கூவத் தொடங்கியது.

இவர்தான் கையை அசைத்து என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"அதை விடும்," என்றார். கொஞ்சம் மூச்சு எடுத்துவிட்டு, "அந்தப் பிள்ளை போஸ்ற்றிலை ஏற வேணும்," என்றார்.

தம்பி மூடியைப் பூட்டினார். ஒவ்வொரு ஆணியாக முறுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லைன்காரர் வெளியே போய்த் தன் ஆட்களோடு ஏதோ கதைத்தார். திரும்பி வந்து, ஐயாவை லொறியிலை ஏத்துவம், நாங்கள் கொண்டுபோய் விடுறம் என்றார். முன் சீற்றில் இவரை நடுவில் இருத்தி, சிலிண்டரை நான் மடியில் பிடித்துக்கொண்டேன். பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், நடுவில் தெருவும் கடல். சாரதி தெருவோரக் கல்லுகளைக் குறிவைத்து மெல்ல மெல்ல ஓட்டினார். இவர் கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தார். வேலணை தாண்டியதும் சிலிண்டரின் முள் அடியில் போய் நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்வது? மண்டைதீவுச் சந்தி, பண்ணைப் பாலம், பிறகு யாழ்ப்பாண ஆசுப்பத்திரி வாசல். இவரைத் தள்ளுவண்டியில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் திரும்பிப் பார்க்க லொறி போய்விட்டது. அந்த மனுஷனுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

இவர் தப்பினார். ஆனால் முன்பு போல் இல்லை. கொஞ்சமாவது மெஷின் இல்லாமல் இருக்க முடிந்தவருக்கு இப்போது அதுவும் ஏலாது. கரண்டை நம்ப முடியாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆசுப்பத்திரிக்குக் கிட்ட ஓர் ஒழுங்கையில் ஒரு வீட்டின் பின்பாதியை வாடகைக்கு எடுத்தோம். ஓர் அறையும் குசினியும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து மதில்.

மகள் கனடாவில் இருந்தபடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கதைத்தாள். ஊர் வீட்டுக்குப் பற்றறி வைத்தால் அப்பாவை அங்கே கொண்டுபோகலாம்தானே என்றாள். எங்கள் பெட்டி எந்தப் பற்றறியையும் ஏற்காதாம். புதுப் பெட்டி எடுக்க வேண்டும். அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். இப்போது வருகிற பெட்டிகளில் இன்னொரு விதியும் உண்டு: வெயில் கூடி லைனில் கரண்ட் மிஞ்சினால், கந்தோரிலிருந்தே எங்கள் தகட்டை நிறுத்தலாம். அதற்குச் சம்மதம் என்று இவர் கையெழுத்து வைக்க வேண்டும்.

வாழ்நாள் முழுக்க இப்படியானதிலிருந்து தப்பித் தப்பித் திரிந்தவர், கட்டாயம் சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். கடதாசியைப் படித்தும் பார்க்கவில்லை. "எங்கை வைக்கிறது?" என்று கேட்டார். விரலால் காட்டினேன். வைத்தார். எனக்கு அழுகை வந்தது. குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைக்கிற மாதிரிக் கேத்தலைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

விண்ணப்பம் போய் மழைக்காலம் முடிந்து வைகாசி மாதத்துக் கச்சான் காற்றும் தொடங்கிவிட்டது. அந்தப் பகுதிக்கு எவ்வளவு சோலர் விடலாம் என்று திரும்ப அளக்கிறார்களாம், முடிந்ததும் அறிவிப்பார்களாம். போய்க் கேட்டால் கந்தோரில் இருக்கிற பிள்ளை கதிரை தந்து இருத்தித்தான் கதைக்கிறாள். அவளும் தன் மேலதிகாரியைத்தான் காட்டுகிறாள்.

மாதத்தில் ஒருமுறை, பக்கத்து வீட்டம்மாவை இவரோடு இருத்திவிட்டு, பஸ்ஸில் ஊருக்குப் போய் வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு வருவேன். திரும்பி வந்ததும் கிணற்றில் எவ்வளவு தண்ணீர், மாதாளை காய்த்திருக்கா, ஒழுங்கையைத் துப்புரவாக்கினார்களா என்று இவர் விசாரிப்பார். முதல் மாதங்களில் எப்ப போவம் என்றும் கேட்பார். அறிவிச்ச உடனை போவம் என்பேன். போனமுறை வந்தபோது மற்றதெல்லாம் கேட்டார், அதை மட்டும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. குழாய் முறுகாமல் இருக்கக் கதிரையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, சோறு போடப் போனேன்.